பழைய பென்டியத்துக்கு எந்த ராம்?

பழைய டெஸ்க்டாப்புக்கு ராம் வாங்கப் போகிறவர் கடையில் மூன்று விவரங்களைச் சொல்வார்: எத்தனை எம்பி, எஸ்டிராமா டிடிஆரா, என்ன வேகம். கடைக்காரரும் லேபிளில் அந்த மூன்றையும் பார்த்து எடுத்துக் கொடுப்பார். வீட்டுக்கு வந்து மாட்டினால், 256 எம்பி என்று எழுதியிருக்கும் ஸ்டிக்கைக் கணினி 128 என்று காட்டும். அல்லது திரையில் எதுவும் வராமல் ஸ்பீக்கர் பீப் அடித்துக்கொண்டே இருக்கும். அல்லது எல்லாம் ஒழுங்காக ஓடி, சில நாள் கழித்துக் காரணமே தெரியாமல் நீலத்திரை வந்து நிற்கும். ராம் கெட்டுப்போனது என்று திருப்பிக் கொடுக்கத் தோன்றும். ஆனால் பல சமயம் அந்த ராமில் எந்தக் குறையும் இருக்காது. கேட்ட மூன்று விவரங்களும் சரியாக இருந்தும், அந்த ஸ்டிக்கும் அந்த மதர்போர்டும் ஒத்துப்போகுமா என்பதை முடிவு செய்யும் நான்காவது விவரம் கேட்கப்படவே இல்லை. ஸ்டிக்கின் மேல் ஒட்டியிருக்கும் ஒவ்வொரு சிப்பும் எத்தனை மெகாபிட், அதை அழைக்கும் திறன் மதர்போர்டின் மெமரி கன்ட்ரோலருக்கு உண்டா என்பதுதான் அது. ஆகவே தேர்வை கன்ட்ரோலரிலிருந்து தொடங்க வேண்டும், அடுத்து சிப்பின் உள்ளமைப்புக்கு வர வேண்டும். கொள்ளளவு இவ்விரண்டின் விளைவாகத் தானே வந்து நிற்கும்.

பொதுப்படப் பேசினால் இது வெறும் உபதேசமாகிவிடும். அதனால் மெமரி கன்ட்ரோலரைத் தன்னுள் கொண்ட சிப்செட் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம்: 1998 ஏப்ரலில் இன்டெல் வெளியிட்ட 440பிஎக்ஸ். பென்டியம் 2, பென்டியம் 3, அக்காலத்து செலரான் மூன்றும் இதில் ஓடின. ஏஜிபி வரைகலை அட்டைக்கும் பழைய ஐஎஸ்ஏ அட்டைக்கும் ஒரே மதர்போர்டில் இடம் கொடுத்த தலைமுறை இது. பழைய ஐஎஸ்ஏ அட்டை வழியாக மட்டுமே பேசும் இயந்திரம் வைத்திருப்பவர்களும், டாஸ் காலத்து விளையாட்டுகளை அசல் ஒலி அட்டையோடு ஆட விரும்புகிறவர்களும் இன்றும் இதைத் தேடி வாங்குகிறார்கள். இதற்குப் பின் வந்த 820 சிப்செட்டை இன்டெல் ராம்பஸ் நினைவகத்தோடு கட்டிப்போட்டது. சாதாரண எஸ்டிராமை அதில் ஓட்ட உதவிய இடைச்சிப்பில் குறை தெரியவந்து, 2000ஆம் ஆண்டு அந்த போர்டுகளைத் திரும்பப் பெறவும் வேண்டியிருந்தது. அதனாலும் பிஎக்ஸின் ஆயுள் நீண்டது. விஎம்வேர் உருவாக்கும் மெய்நிகர் கணினிகள் தங்கள் சிப்செட் என்று சொல்லிக்கொள்வதும் இந்த 440பிஎக்ஸின் பெயரைத்தான். உங்களிடம் இருப்பது பிஎக்ஸா என்று அறிய, மதர்போர்டின் நடுவிலுள்ள பெரிய சிப்பில் 82443பிஎக்ஸ் என்று அச்சாகியிருக்கிறதா பாருங்கள். அதன் மேல் ஹீட்சிங்க் ஒட்டியிருந்தால் பிடுங்க வேண்டாம். அவார்டு பயாஸ் உள்ள கணினியில், தொடங்கும்போது திரையின் அடியில் வரும் நீண்ட எண்ணை பாஸ் பொத்தானால் நிறுத்திப் படிக்கலாம். அதில் 2ஏ69கே என்று வந்தால் அது பிஎக்ஸ்.

இனி உள்ளே என்ன நடக்கிறது என்று பார்க்கலாம். எஸ்டிராம் சிப் ஒன்றில் நினைவுக் கட்டங்கள் பள்ளிக் கணக்கில் வரும் அணியைப் போல நிரையும் நிரலுமாக அமைந்திருக்கும். நாம் பேசப்போகும் சிப்புகளில் அப்படிப்பட்ட அணிகள் நான்கு, பேங்க் என்ற பெயரில், ஒரே சிப்புக்குள் இருக்கும். கன்ட்ரோலர் முதலில் பேங்கையும் நிரையையும் சொல்லும், பிறகு அதே கம்பிகளில் நிரலைச் சொல்லும். 64 மெகாபிட் கொண்ட, 8 பிட் அகலமுள்ள சிப்புக்கு நிரையைச் சொல்ல 12 பிட்டும் நிரலைச் சொல்ல 9 பிட்டும் தேவை. 128 மெகாபிட் சிப்புக்கு நிரை அதே 12, நிரல் 10. 256 மெகாபிட்டில் நிரலுக்கு 10 பிட் போதும், ஆனால் நிரை 13 ஆகிவிடுகிறது. 440பிஎக்ஸில் இருக்கும் முகவரிக் கம்பிகள் 14. பேங்கைச் சொல்ல இரண்டு போனால் நிரைக்கு மிஞ்சுவது 12. பதின்மூன்றாவது கம்பி அந்த சிப்செட்டில் கிடையவே கிடையாது. விலாசம் எழுதும் படிவத்தில் மாடி என்ற கட்டமே இல்லாவிட்டால், இரண்டு மாடி வீட்டின் ஒரு தளத்துக்கு மட்டும்தானே கடிதம் போகும்? எட்டு சிப்புகள் கொண்ட 256 எம்பி ஸ்டிக்கைப் பிஎக்ஸில் போட்டால் 128 தெரிவது இதனால்தான். பயாஸைப் புதுப்பித்தாலும் இது மாறாது. மென்பொருளால் இல்லாத கம்பியை உண்டாக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் எழும். இவ்வளவு எதற்கு, மதர்போர்டின் கையேட்டில் எந்த ராம், எவ்வளவு என்று எழுதித்தானே இருக்கும், அதன்படி வாங்கினால் போதாதா? கையேடு கிடைத்தால் கட்டாயம் படிக்க வேண்டும். ஆனால் அது அச்சான நாளில் சந்தையில் இருந்த ஸ்டிக்குகளை வைத்து எழுதப்பட்டது என்பதையும் மறக்கக் கூடாது. இன்டெலின் ஆவணத்தையே எடுத்துக்கொள்வோம். சாதாரண ஸ்டிக்குகளோடு 512 எம்பி, சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு ஸ்டிக்குகளோடு 1 ஜிபி என்று அது உச்சவரம்பு சொல்கிறது. அது பேசும் சிப்புகள் 16, 64 மெகாபிட் மட்டுமே. 128 மெகாபிட் பற்றி அதில் பேச்சில்லை. அப்படியானால் 128 மெகாபிட் சிப்புகள் பிஎக்ஸில் ஓடக் கூடாது. ஆனால் உலகெங்கும் பழைய கணினிக்காரர்கள் அவற்றைத்தான் போட்டு ஓட்டுகிறார்கள், சிக்கலில்லாமல். ஏன்? ரெஜிஸ்டர்டு ஸ்டிக்குகளில் இருந்த 64 மெகாபிட் சிப்புகள் 4 பிட் அகலமுள்ளவை. அவற்றின் நிரை 12, நிரல் 10. பின்னால் வந்த 128 மெகாபிட், 8 பிட் அகல சிப்பின் நிரையும் 12, நிரலும் 10. கன்ட்ரோலரின் பார்வையில் இரண்டும் ஒரே வடிவம். ஒரு சிப் ஒரே நேரத்தில் நான்கு பிட் தருகிறதா எட்டுப் பிட் தருகிறதா என்பது தரவுக் கம்பிகளின் விவகாரம். முகவரி சொல்லும் முறை மாறவில்லை. ஆக, ஆவணம் பேசாத சிப் ஓடுகிறது, அது வேலை செய்யும் என்பதற்கான காரணமும் அதே ஆவணத்துக்குள் இருக்கிறது. அதே தர்க்கம்தான் 256 மெகாபிட் சிப் ஏன் ஓடாது என்பதையும் சொல்கிறது. கையேட்டை மட்டும் நம்பியவர் ஸ்டிக்குக்கு 128 எம்பியோடு நின்றுவிடுவார். கையேடெல்லாம் எதற்கு என்று ஒதுக்கியவர் 512 எம்பி ஸ்டிக் வாங்கி, அது 256 ஆகத் தெரிவதைப் பார்த்துக்கொண்டிருப்பார். நிரையையும் நிரலையும் எண்ணிப் பார்த்தவருக்கு ஸ்டிக் ஒன்றுக்கு 256 எம்பி என்ற சரியான எல்லை கிடைக்கும். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் அது 1 ஜிபி. மூன்று உள்ளதில் 768 எம்பி. சில போர்டுகளின் முதல் பயாஸ் 256 எம்பி ஸ்டிக்கைச் சரியாக அடையாளம் காணாமல் போகலாம். அங்கே மட்டும் பயாஸைப் புதுப்பிப்பதில் பொருள் உண்டு.

இதைக் கடையில் நின்றபடி கண்டுபிடிக்க ஒரு எளிய கணக்குப் போதும். ஸ்டிக்கின் எம்பியை எட்டால் பெருக்கி, அதிலுள்ள சிப்புகளின் எண்ணிக்கையால் வகுத்தால் ஒவ்வொரு சிப்பும் எத்தனை மெகாபிட் என்று வந்துவிடும். 256ஐ எட்டால் பெருக்க 2048. பதினாறு சிப் இருந்தால் தலைக்கு 128 மெகாபிட், பிஎக்ஸுக்கு ஏற்றது. எட்டே சிப் இருந்தால் தலைக்கு 256, பாதிதான் தெரியும். 128 எம்பி ஸ்டிக்கில் எட்டோ பதினாறோ இருந்தால் கவலையில்லை. நான்கே இருந்தால் அங்கும் அதே 256 மெகாபிட் சிப், அங்கும் பாதி, அதாவது 64 எம்பி. எண்ணும்போது முனையில் தனியாக இருக்கும் எட்டுக்கால் குட்டிச் சிப்பைச் சேர்க்கக் கூடாது. அது எஸ்பிடி, ஸ்டிக்கின் விவரங்களை பயாஸுக்குச் சொல்வது மட்டுமே அதன் வேலை. ஒரு பக்கத்துக்கு ஒன்பது சிப் இருந்தால் அது இசிசி ஸ்டிக். ஒன்பதாவது பிழை சரிபார்க்க இருப்பதால் கணக்கில் எட்டையே எடுக்க வேண்டும். பிஎக்ஸ் இசிசியை ஏற்கும், ஆகவே மலிவாகக் கிடைத்தால் தயங்க வேண்டாம். சென்னை ரிச்சி தெருவிலோ வேறெங்கோ பழைய உதிரிபாகம் விற்பவரிடம் போனில் விசாரிக்கும்போது "256 எம்பி இருக்கா?" என்று மட்டும் கேட்டால் பயனில்லை, "ரெண்டு பக்கமும் எட்டு எட்டு சிப் இருக்கா?" என்றும் சேர்த்துக் கேளுங்கள். இணையத்தில் வாங்குவதானால் இரண்டு பக்கத்துப் படமும் வேண்டும். ஒரு பக்கப் படத்தை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

லேபிளைவிட சிப்பின் முதுகில் அச்சாகியிருக்கும் எண்ணே மேலான சாட்சி. லேபிளை யாரும் ஒட்டலாம், மாற்றி ஒட்டலாம், அது உதிர்ந்தும் போகலாம். சிப்பின் அச்சு தயாரித்தவருடையது. மைக்ரான் சிப்பில் 48எல்சி என்பதற்குப் பின் வருவதைப் பெருக்கினால் போதும். 16எம்8 என்றால் பதினாறு எட்டு நூற்றிருபத்தெட்டு. 32எம்8 என்றாலும் 16எம்16 என்றாலும் 256. சாம்சங்கில் கே4எஸ் என்பதற்குப் பின் 64 வந்தால் 64 மெகாபிட், 28 வந்தால் 128, 56 வந்தால் 256. அடுத்த இரண்டு இலக்கங்கள் அகலம்: கே4எஸ்280832 என்பது 128 மெகாபிட், எட்டுப் பிட். இந்த எண்களை ஒரு துண்டுத் தாளில் எழுதி வைத்துக்கொண்டால் கடையில் யாரிடமும் வாதாட வேண்டியிருக்காது. சிப்பின் அகலம் 04 என்று இருந்தால் மட்டும் நிதானியுங்கள். நாலு பிட் அகல சிப்புகள் பெரும்பாலும் சர்வர்களுக்கான ரெஜிஸ்டர்டு ஸ்டிக்குகளில் வருபவை. அந்த ஸ்டிக்குகளில் நினைவகச் சிப்புகளைத் தவிர வேறு வடிவத்தில் இரண்டு மூன்று சிப்புகள் கூடுதலாக இருக்கும்; வரும் முகவரியைப் பிடித்து மறு கடிகாரத் துடிப்பில் தருபவை அவை. பிஎக்ஸ் சிப்செட் இவற்றை ஏற்கும் என்றாலும் எல்லா மதர்போர்டும் ஏற்கும்படி வடிவமைக்கப்படவில்லை. சாதாரண ஸ்டிக்கோடு கலந்து போடுவது எந்த போர்டிலும் கூடாது. சர்வரிலிருந்து கழற்றியது அடிமாட்டு விலைக்குக் கிடைக்கிறது என்பதற்காக மட்டும் வாங்காதீர்கள்.

இரண்டாவது ஆட்சேபம் அனுபவசாலிகளிடமிருந்து வரும். எண்ணுவது, பெருக்குவது எல்லாம் எதற்கு? மாட்டிப் பார்த்தால் ஓடுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடுகிறது; ஓடாவிட்டால் எடுத்துவிடலாம்; ஒன்றும் எரிந்துபோகாது. இதில் பாதி உண்மை. 168 முள் ஸ்டிக்குகளில் அடிவிளிம்பில் இரண்டு வெட்டுகள் உண்டு; அவற்றின் இடம் மின்னழுத்தத்தையும் வகையையும் பொறுத்து மாறுவதால், பவர் மேக்கின்டாஷ் 7500 போன்ற கணினிகளுக்கான 5 வோல்ட் ஸ்டிக் 3.3 வோல்ட் எஸ்டிராம் ஸ்லாட்டில் இறங்காது. ஆகவே பொருந்துகிற எஸ்டிராமை மாட்டிப் பார்ப்பதில் ஆபத்து குறைவுதான். ஆனால் இந்தச் சோதனை இரண்டு முடிவுகளை மட்டும் காட்டும்: அறவே ஓடாதது, கொள்ளளவு குறைவாகத் தெரிவது. மூன்றாவது ஒன்று உண்டு. எண்ணிக்கை சரியாகத் தெரிந்து, விண்டோஸ் திறந்து, எப்போதோ ஒருமுறை ஒரு பிட் தவறிப்போவது. அப்போது கெடுவது ராமில் இருக்கும் தரவோடு நிற்பதில்லை. வன்தட்டில் எழுதப்படும் கோப்பும் ராம் வழியாகத்தான் போகிறது. பழைய கணினியை வைத்திருப்பவர் பெரும்பாலும் அதிலுள்ள, வேறெங்கும் நகல் இல்லாத கோப்புகளுக்காகவே வைத்திருப்பார். எனவே மாட்டிப் பார்ப்பதைத் தேர்வின் கடைசிப் படியாக வைத்துக்கொள்வோம். முதல் படியாக வேண்டாம்.

வேகத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை, ஏனெனில் இது மேலிருந்து கீழே பொருந்தும். பிசி133 என்று எழுதிய ஸ்டிக் 100 மெகாஹெர்ட்ஸ் போர்டில் 100இல் ஓடும். அதற்காகக் கூடுதல் விலை கொடுக்கவும் வேண்டாம், கிடைத்தால் ஒதுக்கவும் வேண்டாம். பொறி இருப்பது மறுமுனையில். சிப்பின் எண் முடிவில் 10 என்று இருந்தால் அது 100 மெகாஹெர்ட்ஸ் என்று தோன்றும். கணக்கும் சரியாக வருவதுபோலிருக்கும், 10 நானோ நொடிக்கு ஒரு துடிப்பு என்றால் நொடிக்கு பத்துக் கோடிதானே. நடைமுறையில் அந்த எண் பெரும்பாலும் 66 மெகாஹெர்ட்ஸ் போர்டுகளுக்கான பிசி66 தரத்தைக் குறித்தது. இன்டெல் பிசி100 என்று வகுத்த தரம் அதைவிடக் கறாரான நேரங்களைக் கேட்டது. அந்தத் தரத்துச் சிப்பில் 8 என்றோ, சாம்சங் என்றால் எச் அல்லது எல் என்றோ, பிசி133 என்றால் 75 என்றோ இருக்கும். 10 போட்ட ஸ்டிக் 100இல் ஓடவும் கூடும், குளிரான காலையில் நன்றாகவே ஓடும். மேலே சொன்ன மூன்றாவது வகைத் தொல்லைக்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. சிஎல்2, சிஎல்3 என்ற தாமத அளவு வேறுபாட்டுக்கு மனம் கலங்க வேண்டியதில்லை. இரண்டையும் கலந்து போட்டால் பயாஸ் எஸ்பிடியைப் படித்து மெதுவானதற்கு ஏற்ப எல்லாவற்றையும் ஓட்டும். வேறுபாடு அளவுகோலில் தெரியும், கண்ணுக்குத் தெரியாது. பயாஸில் நேரங்களைக் கையால் வைத்திருந்தால் மட்டும் அதை எஸ்பிடிக்கு மாற்றிவிட்டுப் புது ஸ்டிக்கை மாட்டுங்கள்.

மூன்றாவது ஆட்சேபம் இன்றைய கணினிகளில் பழகியவர்களுடையது: ராம் எவ்வளவு கூடினாலும் நல்லதுதானே, கன்ட்ரோலர் ஏற்கும் அளவுக்கு நிரப்பிவிட்டால் என்ன? கன்ட்ரோலரின் கூரைக்குக் கீழே இன்னும் இரண்டு கூரைகள் இருக்கின்றன; மூன்றில் எது தாழ்வானதோ அதுதான் உங்கள் எல்லை. முதலாவது கேஷ், அதாவது செயலி அடிக்கடி தொடுவதை வைத்திருக்கும் சிறிய வேக நினைவகம். பிஎக்ஸுக்கு முந்தைய பென்டியம் கணினிகளில் இரண்டாம் நிலை கேஷ் மதர்போர்டில் இருந்தது. நினைவகத்தின் எந்தப் பகுதிக்கு கேஷ் உதவும் என்பதைச் சிப்செட் தீர்மானித்தது. 1997இல் வந்த 430டிஎக்ஸ் 256 எம்பி வரை ராமை ஏற்கும். கேஷ் உதவுவதோ முதல் 64 எம்பிக்கு மட்டும். 64 எம்பியோடு ஓடிக்கொண்டிருந்த கணினியில் 128 போட்டால், கூடுதலாக வந்த பகுதியை செயலி ஒவ்வொரு முறையும் நேரடியாகப் போய்த் தொட வேண்டும். விண்டோஸ் 95, 98 இரண்டும் நினைவகத்தின் மேல்முனையிலிருந்து இடம் பிடிக்கும் பழக்கமுள்ளவை என்பதால், கேஷ் இல்லாத பகுதிதான் முதலில் நிரம்பும். பணம் கொடுத்துக் கணினியை மெதுவாக்கிய கதையாகும். 1996இன் 430எச்எக்ஸ் இதற்கு விலக்கு. போர்டில் கூடுதல் டேக் ராம் இருந்தால் 512 எம்பி முழுவதற்கும் கேஷ் கிடைக்கும். டிஎக்ஸ் போர்டிலேயே ஏஎம்டி கே6-3 செயலியைப் போட்டாலும் சிக்கல் பெரும்பாலும் தணியும், அதன் இரண்டாம் நிலை கேஷ் செயலிக்குள்ளேயே இருப்பதால். பென்டியம் 2இலிருந்து கேஷ் செயலியோடு சேர்ந்துவிட்டதால் பிஎக்ஸ்காரர்கள் இதிலிருந்து தப்பினார்கள், முழுமையாக இல்லாவிட்டாலும்: தொடக்ககால பென்டியம் 2இன் கேஷ் 512 எம்பி வரை மட்டுமே எட்டும்.

அடுத்த கூரை இயங்குதளம். விண்டோஸ் 98க்கு மைக்ரோசாஃப்ட் கேட்டது குறைந்தபட்சம் 16 எம்பி. 512ஐத் தாண்டிப் போட்டால், நிறைய ராம் இருக்கும் கணினியில் "நினைவகம் போதவில்லை" என்று செய்தி வரும். டாஸ் சாளரம் திறக்காது. சில சமயம் விண்டோஸே தொடங்காது. கோப்புகளுக்கான கேஷ், இருக்கும் ராமுக்கு ஏற்றபடி தன் உச்ச அளவை வகுத்து, அந்த அளவுக்கு முகவரிகளை முன்கூட்டியே ஒதுக்கிக்கொள்கிறது. இயங்குதளத்துக்கென்று உள்ள முகவரிப் பகுதி மொத்தமே 1 ஜிபி. ஏஜிபி அட்டையும் அதிலேயே பங்கு கேட்கும். ராம் கூடக் கூட முகவரி தீர்ந்துபோகிறது. சிஸ்டம் டாட் ஐஎன்ஐ கோப்பில் விகேஷ் என்ற பகுதியின் கீழ் மேக்ஸ்ஃபைல்கேஷ் என்று எழுதி, மதிப்பை 524288 அல்லது அதற்குக் குறைவாக வைத்தால் இது தீரும். அந்த எண் கிலோபைட்டில். தீர்வு இருக்கிறதே, பிறகென்ன தடை என்று கேட்கலாம். விண்டோஸ் 98 காலத்து மென்பொருள்களில் 512 எம்பியை நிரப்பக்கூடியது அனேகமாக எதுவுமில்லை என்பதுதான் தடை. டாஸ் இன்னும் பின்னே நிற்கிறது. எக்ஸ்எம்எஸ் 2 முறை அளவை 16 பிட் எண்ணில் கிலோபைட்டாகச் சொல்வதால் அது அறிந்த உலகம் 64 எம்பியோடு முடிந்துவிடும். இஎம்எஸ் 4 முறைக்கு 32 எம்பி. அவற்றை நம்பி எழுதிய சில பழைய நிரல்கள் அதைவிடப் பெரிய எண்ணைக் கண்டால் குழம்பி, நினைவகம் இல்லை என்று கை விரிக்கும்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் என் பரிந்துரை சிறியது. பிஎக்ஸ் கணினியில் விண்டோஸ் 98 மட்டும் ஓடுமானால், பதினாறு சிப் கொண்ட 256 எம்பி ஸ்டிக் ஒன்று, அல்லது 128 எம்பி இரண்டு. கூடவே விண்டோஸ் 2000 அல்லது எக்ஸ்பியையும் அதே கணினியில் வைத்திருந்தால் 256 எம்பி இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். நான்கு ஸ்லாட்டையும் நிரப்பி 1 ஜிபி பார்ப்பதில் ஒரு மகிழ்ச்சி இருக்கலாம், ஆனால் அறுபத்து நான்கு சிப்புகளையும் இழுக்கும் சுமை இருபத்தைந்து வயதைக் கடந்த போர்டுக்கு ஏற்றதல்ல. உங்கள் போர்டு பிஎக்ஸ் இல்லையென்றால் கணக்கை அந்த சிப்செட்டுக்கு மறுபடி போடுங்கள். இன்டெல் 815 ஆனால் 256 மெகாபிட் சிப்பை ஏற்கும், மொத்தமோ 512 எம்பியோடு நின்றுவிடும். வியா அப்போலோ புரோ 133ஏ ஒரே ஸ்டிக்கில் 512 எம்பியைக் கூடக் கண்டுகொள்ளும். பிஎக்ஸில் பாதியாகத் தெரிந்த ஸ்டிக் இவற்றில் முழுதாகத் தெரிவதால், திருப்பிக் கொடுக்க முடியாமல் தங்கிவிட்டதைத் தூக்கிப் போடாதீர்கள்.

இன்னும் பழைய கணினிகளுக்கு இரண்டொரு வார்த்தை. 30 முள் சிம் எட்டுப் பிட் அகலம். 486க்கு நான்காகவும் 386எஸ்எக்ஸுக்கு இரண்டாகவும் ஒரே மாதிரி போட வேண்டும். 72 முள் சிம் 32 பிட். 486க்கு ஒன்றே போதும், பென்டியத்துக்கு ஜோடி வேண்டும். பல 486 போர்டுகளுக்கு இடிஓ பிடிக்காது, எஃப்பிஎம் வகையே பாதுகாப்பு. ஸ்லாட்டின் முள் வெள்ளீயமானால் சிம்மின் விளிம்பும் வெள்ளீயமாக, தங்கமானால் தங்கமாக இருப்பது நல்லது. இரண்டு உலோகங்கள் உரசும் இடத்தில் வருடக்கணக்கில் ஆக்சைடு படிந்து தொடர்பு விட்டுப்போகும். ராம்பஸ் கணினி வைத்திருப்பவர்கள் காலி ஸ்லாட்டிலும் சிப் இல்லாத தொடர்ச்சிப் பட்டையைச் செருகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் மற்றவையும் ஓடா. அந்த ஸ்டிக்கிலும் டிடிஆரிலும் முள் எண்ணிக்கை 184 என்பதால் முள்ளை எண்ணி விற்பவரிடம் கவனமாயிருங்கள்.

மாட்டும்போது மின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட வேண்டும். ஏடிஎக்ஸ் கணினியில் பொத்தானை அணைத்தாலும் 5 வோல்ட் போர்டில் இருந்துகொண்டே இருக்கும். ஸ்டிக்கின் தங்க விளிம்பை ஐசோபுரொபைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் துடைத்து, உலர விட்டுச் செருகுங்கள். முதலில் பயாஸ் எண்ணும் தொகையைப் பாருங்கள்: 256 எம்பிக்கு 262144 வர வேண்டும், 131072 வந்தால் சிப்பை மறுபடி எண்ணுங்கள். தொகை சரியென்றால் விண்டோஸைத் திறப்பதற்கு முன் மெம்டெஸ்ட்86+ நிரலை ஃப்ளாப்பியிலோ சிடியிலோ போட்டு ஓர் இரவு முழுதும் ஓட விடுங்கள். ஒரு சுற்று மட்டும் ஓட்டி நிறுத்தினால் சூடேறிய பின் வரும் பிழை தெரியாது. ஒரே ஒரு பிழை வந்தாலும் அதைத் தற்செயல் என்று விட முடியாது. அப்போது ஸ்டிக்குகளை ஒவ்வொன்றாகத் தனித்து, ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாற்றிப் போட்டுச் சோதிக்க வேண்டும். பிழை ஸ்டிக்கோடு இடம் மாறினால் ஸ்டிக்கைத் திருப்பிக் கொடுக்கலாம். ஸ்லாட்டோடு தங்கிவிட்டால் அந்த ஸ்லாட்டைத் துடைத்துப் பார்த்து, பயனில்லையென்றால் காலியாக விடலாம். எந்த ஸ்டிக்கை எங்கே போட்டாலும் பிழை வந்தால், சிஎல்2இல் இருப்பதை சிஎல்3க்கு மாற்றி ஒருமுறை ஓட்டுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் செயலியைச் சுற்றியுள்ள மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா, அடியில் பழுப்பு நீர் கசிந்திருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அப்படியிருந்தால் ராம் வாங்கும் பணத்தை அவற்றை மாற்றிச் சால்டர் செய்பவரிடம் கொடுக்க வேண்டியதுதான்.